சுற்றுவழி

இந்த நகரத்தை இப்போது நான்
போகக்கூடாத இடங்களால் அறிவேன்.
ஜிந்துப்பிட்டிச் சந்தியில் இறங்குவதில்லை.
ஒரு தரிப்பு முந்தி இறங்கி,
மீன்பெட்டி கழுவிய தண்ணீரைத் தாண்டி,
கோயில் பின்மதிலோடு சுற்றி
அச்சகத்துக்குப் போகப் பதினெட்டு நிமிடம் கூட.
புளியடித் தோட்டத்து முடக்கு வந்தால்
எதிர்ப்பக்கம் கடந்து
பூட்டுக் கடையைப் பார்த்தபடி நடப்பேன்.
எல்லாப் பூட்டுக்கும் விலை கேட்டாயிற்று.

அக்கா காலையில் காசு எண்ணித் தருவாள்.
போக, வர, ஒரு பிளேன்டீ.
மிச்சம் வராத கணக்கு.
என் சம்பளத்தை முதலாளி
அவள் கையில்தான் கொடுக்கிறார்.
முப்பத்துநாலு வயது எனக்கு.

செவ்வாய்க்கிழமை, கல்யாண அட்டைகளுக்கு நடுவே
ஒரு மரண அறிவித்தல் வந்தது, அவசரம் என்று.
மங்கல் படம், பாஸ்போட்டுக்கு எடுத்தது.
‘திடீர் மாரடைப்பால் காலமானார்’
தட்டியது என் விரல்கள்.
லின்டன் என்ற பெயரில் பிழை உண்டா என்று
இரண்டு முறை பார்த்தேன்.

மாரடைப்பு.
ஒரே ஈயத்தாளில் ஒரே புகையை
மாறி மாறி இழுத்தவர்கள் நாங்கள்.
அவன் தாயின் தையல் மெசினை
இருவருமாய்த்தான் தூக்கிப் போனோம்.
ஊசியில் நூல் கோர்த்தபடியே இருந்தது.
பாதி தைத்த பள்ளிச் சட்டை ஒன்று
கூடவே இழுபட்டு வந்தது, யார் பிள்ளைக்கோ.
அதைப் பிய்த்துக் கானுக்குள் எறிந்தது
லின்டன் அல்ல.

‘செத்த வீட்டுக்கு வெறுங்கையோட போக ஏலாது.’
அக்கா ஓர் ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினாள்.
நீட்டியவள் உடனே விடவில்லை.
தாளின் ஒரு முனையில் அவள் விரல்,
மறுமுனையில் என் விரல்,
கொஞ்ச நேரம்.

ஏழு மாதத்துக்குப் பிறகு
தோட்டத்துக்குள் போனேன்.
வெள்ளைக் கொடிகள்.
சட்டைப்பையில் தாள் சுட்டது.
வாசலில் தட்டு ஏந்தி எல்லாருக்கும்
இஞ்சிப் பிளேன்டீ கொடுத்துக்கொண்டு நின்றான்
சூட்டி.
தோட்டத்துக்கே குடு கொடுத்த கை,
வெள்ளைச் சட்டை, முழங்கைவரை மடித்து.
உண்மையாகவே அழுத கண்.
‘இளைச்சுப் போயிட்ட மச்சான்’ என்றான், அன்பாக.
அன்பாகத்தான். அதுதான் பயம்.

செருப்பைக் கழற்ற முன்னம்
மேர்லினைத் தேடிக் காசைத் திணித்தேன்,
பஸ் காசும் சேர்த்து, சில்லறையோடு.
அவள் சில்லறையைப் பார்த்தாள், பிறகு என்னை.
‘அண்ணனுக்கு நெஞ்சு வருத்தம் இருந்திச்சா?
உங்ககிட்டயாவது சொன்னாரா?’
நான் அச்சடித்த பொய்
அவளுக்குப் பின்னால் சுவரில், பசை காயாமல்.
‘இல்ல’ என்றேன். ‘அவன் நெஞ்சு நல்ல நெஞ்சு.’
அவள் தலையாட்டினாள்.
அதற்கு மேல் கேட்கவில்லை.

பஸ்ஸுக்குக் காசில்லை.
கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குத்
தண்டவாளத்தோடு நடந்தேன், வலப்பக்கம் கடல்.
கொள்ளுப்பிட்டியில் ஒரு பாரின் பின்கதவு திறந்து
வாளி நிறைய ஐஸ்கட்டியைக் கொட்டிவிட்டு மூடியது.
பம்பலப்பிட்டி தாண்டி ஓரிடத்தில் நின்றேன்.
ஏன் நின்றேன் என்று எழுதமாட்டேன்.
ரயில் ஒன்று போனது.
மிதிபலகையில் தொங்கிய பையன்
தெரிந்தவன்போலக் கை காட்டினான்.

கதவு திறந்த அக்கா எதுவும் கேட்கவில்லை.
கன்னத்தைப் பிடித்துத் திருப்பி
போன் வெளிச்சத்தை அடித்து
என் கண்மணியைப் பார்த்தாள்,
குண்டூசி முனையா, மிளகா,
வெளிச்சம் விலக விரிகிறதா என்று.
சின்ன வயதில் என்னை
அந்தச் சொல்லால்தான் கூப்பிடுவாள்.

பார்த்தாள்.
இன்னொரு முறையும் பார்த்தாள்.
பிறகு சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தாள்.

நாளைய காசு ஏற்கெனவே மேசையில்,
போக, வர, ஒரு பிளேன்டீ,
அதற்கு மேல் இருபது ரூபா கூட.
எண்ணுவதில் பிழை விடுகிறவள் அல்ல அவள்.